பக்கத்து வீட்டு உறைமோரும் நம் வீட்டுப் பாலும்

வீட்டில் தயிர் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் கேட்டு வாங்குகிறோம். காய்ச்சி ஆறவைத்த பாலில் அதை ஊற்றிக் கலக்கி மூடிவைத்தால் காலையில் தயிர் கிடைக்கிறது. அது யார் வீட்டுத் தயிர் என்று ஒருவரும் கேட்பதில்லை. அரசியலமைப்புச் சட்டம் என்று வரும்போது மட்டும் இந்தக் கேள்வியை விடாமல் கேட்கிறோம். வழிகாட்டு நெறிகள் அயர்லாந்திலிருந்து, அடிப்படை உரிமைகள் அமெரிக்காவிலிருந்து, நாடாளுமன்ற முறை பிரிட்டனிலிருந்து என்று ஓர் அட்டவணை போட்டித் தேர்வு நூல்களிலெல்லாம் இருக்கிறது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். மேடையில் பேசுகிறவர்கள் அதையே எடுத்துவைத்து, ‘எல்லாம் இரவல்’ என்கிறார்கள்.

அட்டவணையில் தப்பில்லை. ஆனால் உறை எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. பால் எப்படிப்பட்டது, என்ன சூட்டில் ஊற்றினார்கள், எவ்வளவு ஊற்றினார்கள், காலையில் வாயில் வைத்தபோது எப்படி இருந்தது என்பவற்றை அது தொடுவதே இல்லை. ஒரு நாட்டின் அரசியலமைப்புக் கருத்து இன்னொரு நாட்டின் சட்டம் இயற்றுவோர் கைக்கு வந்து வேலை செய்யும் விதம் முழுக்க அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. இந்திய அரசியலமைப்பின் 21ஆம் பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு இதை அடுப்படி வரிசையிலேயே பார்க்கலாம். ஒருவருடைய உயிரையோ தனிமனிதச் சுதந்திரத்தையோ சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் பறிக்கக் கூடாது என்று சொல்லும் பிரிவு அது. இன்றைக்கு ஒரு சாதாரண மனிதர் அரசை எதிர்த்து நீதிமன்றம் போனால் பெரும்பாலும் அவர் கையில் இருப்பது இதுதான்.

பால்

1946 டிசம்பர் 9 அன்று டெல்லியில் அரசியல் நிர்ணய சபை கூடியபோது உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் நிறையப் பேர் ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள். அதிலும் பலர் விசாரணையே இல்லாமல் உள்ளே கிடந்தவர்கள். வங்காளத்தின் 1818ஆம் ஆண்டு ஒழுங்குவிதியும் 1919ஆம் ஆண்டின் ரௌலட் சட்டமும் அவர்களுக்குப் புத்தகச் செய்திகள் அல்ல, சொந்த வீட்டுச் சம்பவங்கள். அரசு நினைத்தால் ஒரு மனிதனைத் தூக்கிக்கொண்டு போய் அடைத்துவிடலாம் என்ற நிலை இனி வரக் கூடாது என்ற தாகம் எந்த நாட்டிலிருந்தும் இரவல் வாங்கியதில்லை.

அந்தத் தாகத்தை எழுத்தில் வடிக்கும் முயற்சியும் பழையது. 1928இல் மோதிலால் நேரு தலைமையில் தயாரான அறிக்கை உரிமைகளைப் பட்டியலிட்டபோது, 1922இல் எழுதப்பட்ட ஐரிஷ் சுதந்திர நாட்டின் அரசியலமைப்பிலிருந்து சில வாசகங்களை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. அயர்லாந்து ஏன்? அதே பிரிட்டிஷ் ஆட்சியோடு மல்லுக்கட்டி, உரிமைகளை எழுதி வாங்கிய நாடு அது. பிரிட்டிஷ் அரசோ, உரிமைகளை எழுதிவைப்பதால் பயனில்லை என்றே சொல்லி வந்தது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் உரிமைப் பட்டியலே கிடையாது. மறுக்கப்பட்டதை எவன் பெற்றிருக்கிறானோ அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம். எந்தக் கருத்து நாடு தாண்டும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கருத்தின் அழகு இல்லை, வாங்குகிறவனின் பழைய காயம்.

1947 ஏப்ரலில் வல்லபாய் படேல் தலைமையிலான ஆலோசனைக் குழு இடைக்கால அறிக்கை கொடுத்தது. அதில் அமெரிக்க வாசகம் இருந்தது: உரிய சட்ட நெறி, வக்கீல்கள் பேச்சில் ‘டியூ பிராசஸ்’, இல்லாமல் ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது. அமெரிக்க மூலத்தில் உயிர், சுதந்திரம், சொத்து என்று மூன்றும் சேர்ந்தே வரும். நம்மவர்கள் சொத்தை இதிலிருந்து பிரித்து வேறு பிரிவில் வைத்துவிட்டார்கள். இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது மிகவும் முக்கியமாகிறது.

உறை வாங்கப் போனவர்

பெனகல் நரசிங்க ராவ் சபையின் உறுப்பினர் இல்லை. அரசியலமைப்பு ஆலோசகர். மங்களூர் பக்கத்துக்காரர், சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரி, கேம்பிரிட்ஜில் படித்து ஐ.சி.எஸ். ஆனவர். சபை உறுப்பினர்களுக்காகப் பல நாட்டு அரசியலமைப்புகளின் முன்மாதிரிகளைத் தொகுத்துத் தந்தவர் இவரே. அயல்நாட்டுக் கருத்து சட்டம் இயற்றுவோரிடம் வந்து சேர்வது பெரும்பாலும் இப்படித்தான். மேடையில் முழங்குகிறவர்கள் அதைக் கொண்டுவருவதில்லை. இரவில் உட்கார்ந்து குறிப்பு எழுதுகிற ஓர் அதிகாரி கொண்டுவருகிறார். உறுப்பினர்கள் மேசையில் எந்த நாட்டின் எந்தப் பக்கம் விரித்து வைக்கப்படுகிறது என்பதே பாதி முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

1947 இறுதியில் ராவ் அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளுக்குப் போனார். வாஷிங்டனில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்தித்தார். ஹார்வர்டில் சட்டம் கற்பித்துவிட்டு 1939இல் நீதிபதியானவர் அவர். உரிய சட்ட நெறி என்ற வாசகம் நீதிபதிகளுக்குத் தரும் அதிகாரம் இரண்டு வகையில் தவறு என்று அவர் கருதினார். மக்கள் தேர்ந்தெடுத்த சபை போட்ட சட்டத்தை ஒருசில நீதிபதிகள் தடுத்து நிறுத்துவது ஜனநாயகத்துக்கு ஒவ்வாது. நீதித்துறையின் தலையிலும் அது நியாயமில்லாத பாரத்தை ஏற்றுகிறது. ராவ் இதைக் குறித்துக்கொண்டு வந்து தன் அறிக்கையில் எழுதினார்.

ஃபிராங்ஃபர்ட்டர் பேசியது சும்மா இல்லை. அவர் கண்முன்னே நடந்த கதை அது. நியூயார்க் மாநிலத்தில் ரொட்டி சுடும் தொழிலாளிகளை ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கும் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கும் மேல் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. யூட்டிகா ஊரில் பேக்கரி வைத்திருந்த ஜோசப் லாக்னர் அதை மீறினார், தண்டிக்கப்பட்டார், உச்ச நீதிமன்றம் வரை போனார். 1905இல் 5க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. எத்தனை மணி நேரம் வேலை செய்வது என்று முதலாளியும் தொழிலாளியும் பேசி முடிவு செய்யும் சுதந்திரத்தை அந்தச் சட்டம் உரிய நெறியின்றிப் பறிக்கிறதாம்! அடுப்பு அனலில் விடிய விடிய நிற்கிற தொழிலாளிக்கு அந்தச் சுதந்திரத்தால் என்ன பயன்? 1923இல் பெண்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்கும் இதே கதி. 1937இல்தான் நீதிமன்றம் இந்தப் பாதையிலிருந்து திரும்பியது.

ஆக ராவ் கொண்டுவந்தது அமெரிக்க வாசகத்தை அல்ல. அந்த வாசகத்தைப் பற்றி ஓர் அமெரிக்கருக்கு இருந்த வருத்தத்தை. சட்டம் இயற்றுவோர் அயல்நாட்டு நூலில் எழுதியிருப்பதை மட்டும் வாங்கி வருவதில்லை. அந்த நாட்டார் பட்ட பாட்டையும் சேர்த்தே வாங்கி வருகிறார்கள். உறை தருகிற வீட்டம்மா, ‘போன வாரம் இது ரொம்பப் புளிச்சுப்போச்சு, பார்த்து ஊத்துங்க’ என்று சொல்லித் தருவது போல. அந்த எச்சரிக்கை நல்ல மனதோடு சொல்லப்பட்டதுதான். ஆனால் அவர் வீட்டில் புளித்ததற்கான காரணம் நம் வீட்டில் இருக்கிறதா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளவும் சூடும்

அளவு தப்பினாலும் தயிர் கெடும், சூடு தப்பினாலும் கெடும். கொதிக்கிற பாலில் ஊற்றினால் உறை செத்துப்போகும். 1948 தொடக்கத்தில் டெல்லி கொதித்துக்கொண்டிருந்தது. பிரிவினைக் கலவரம் ஓயவில்லை. அகதிகள் வந்தபடி இருந்தார்கள். ஜனவரி 30 அன்று காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. மாகாண அரசுகள் பொதுப் பாதுகாப்புச் சட்டங்களின் பேரில் ஆட்களை விசாரணையின்றி அடைத்துவைத்திருந்தன. அதே அரசுகள் ஜமீன்தாரி ஒழிப்புக்கும் சட்டம் தயாரித்துக்கொண்டிருந்தன. நீதிமன்றம் குறுக்கே வந்துவிடுமோ என்ற பயம் அவற்றுக்கு இருந்தது.

அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு 1948 பிப்ரவரி 21 அன்று வரைவைச் சபைத் தலைவரிடம் கொடுத்தபோது இரண்டு மாற்றங்கள் தெரிந்தன. சுதந்திரம் என்பது தனிமனிதச் சுதந்திரம் என்று சுருங்கியிருந்தது. உரிய சட்ட நெறி போய், சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை வந்திருந்தது. ஜப்பானிய அரசியலமைப்பின் 31ஆம் பிரிவிலிருந்து எடுத்த வாசகம் இது. அந்த அரசியலமைப்பு எங்கே எழுதப்பட்டது? போரில் தோற்ற டோக்கியோவில், அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரின் தலைமையகத்தில், 1946 பிப்ரவரியில் ஏறக்குறைய ஒரே வாரத்தில் அமெரிக்க அதிகாரிகள் மூல வரைவை எழுதினார்கள். குழுவை நடத்திய சார்லஸ் கேடிஸ், ரூஸ்வெல்ட் அரசின் துறைகளில் வேலை பார்த்த வக்கீல். நாம் ஜப்பான் வாசகம் என்று அட்டவணையில் எழுதுவது அமெரிக்கர்கள் தங்கள் ஊர் வாசகத்தைத் தவிர்த்துவிட்டு இன்னொரு நாட்டுக்கு எழுதித் தந்த வாசகம்.

இந்த இடத்தில்தான் வரைவுக் குழுவின் முடிவு எனக்கு ஒப்பவில்லை. அமெரிக்காவில் புளித்தது சொத்தும் தொழில் ஒப்பந்தமும். அந்த இரண்டையும் நம்மவர்கள் இந்தப் பிரிவிலிருந்து ஏற்கெனவே விலக்கியாயிற்று: சொத்தை 1947 ஏப்ரலிலேயே பிரித்துவிட்டார்கள், தனிமனித என்ற சொல் ஒப்பந்தச் சுதந்திரத்தையும் வெளியே தள்ளிவிட்டது. லாக்னர் பயத்துக்கு மருந்து கொடுத்து முடித்த பிறகும், அந்தப் பயத்தின் பேரைச் சொல்லி, உயிருக்கும் உடலுக்கும் இருந்த பாதுகாப்பையும் எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த காரணம் ஒன்றுதான். விசாரணையில்லாமல் அடைத்துவைக்கும் அதிகாரம் புதிய அரசுக்கும் வேண்டியிருந்தது. ஃபிராங்ஃபர்ட்டரின் கவலை தொழிலாளியைக் காப்பாற்றப் பிறந்தது. டெல்லிக்கு வந்து சேர்ந்தபோது அது காவல் நிலையத்துக்கு உதவியது. கருத்துகள் பயணம் போகும்போது நடக்கிற மிகப் பெரிய ஆபத்து இதுதான்.

சபைக்கு இது தெரியாமல் இல்லை. 1948 டிசம்பர் 6 அன்று விவாதம் வந்தபோது பழைய வாசகத்தையே திரும்பக் கொண்டுவரத் திருத்தங்கள் வந்தன. வரைவுக் குழுவில் இருந்த கே.எம். முன்ஷியே உரிய சட்ட நெறிக்காகப் பேசினார். சென்னையின் பெரிய வக்கீல் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் அதை எதிர்த்தார். அமெரிக்கத் தீர்ப்புகள் ஒரு சீராக இல்லை என்பதும், சமூகச் சட்டங்களை நீதிபதிகள் முடக்கிவிடுவார்கள் என்பதும் அவர் வாதம். டிசம்பர் 13 அன்று எழுந்த அம்பேத்கர் இரண்டு பக்கத்து ஆபத்தையும் எடுத்துவைத்தார். கட்சிப் பெரும்பான்மை கொண்ட சபை மக்கள் உரிமையை மிதிக்கும் சட்டம் போடலாம். ஐந்தாறு நீதிபதிகள் தங்கள் சொந்த விருப்பு வெறுப்பை வைத்துச் சட்டத்தைக் கவிழ்க்கவும் கூடும். தான் ஒரு பக்கம் சாயாமல் முடிவைச் சபைக்கே விட்டார். திருத்தங்கள் தோற்றன. அடுத்த செப்டம்பரில், கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற பாதுகாப்புகளோடு புதிய பிரிவு ஒன்றை அவரே கொண்டுவந்தார். முன்பு விட்டதற்கு இது ஓரளவு ஈடு என்றும் சொன்னார். இன்றைய 22ஆம் பிரிவு அதுதான். ஆனால் தடுப்புக் காவலுக்கும் அதே பிரிவில் இடம் கொடுத்திருந்தார்கள்.

காலையில்

1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. முதல் வாய் வைத்துப் பார்த்தவர் ஏ.கே. கோபாலன். அன்று சென்னை மாநிலத்தில் இருந்த மலபாரின் கண்ணூர்க்காரர், கம்யூனிஸ்ட் தலைவர், 1947 டிசம்பரிலிருந்து சிறையில் இருந்தவர். பிப்ரவரியில் நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டம் நிறைவேற்றியது. மார்ச் 1 அன்று அதன்கீழ் புதிய உத்தரவு கடலூர் சிறையில் அவர் கைக்கு வந்தது. அவருக்காக உச்ச நீதிமன்றத்தில் எம்.கே. நம்பியார் வாதாடினார். சட்டம் என்றால் நாடாளுமன்றம் எழுதிய எதுவும் ஆகிவிடுமா, அதில் இயற்கை நீதி வேண்டாமா என்பது அவர் கேள்வி.

மே 19 அன்று ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பெரும்பான்மையின் பதில் சுருக்கமானது: நாடாளுமன்றம் நடைமுறை வகுத்திருக்கிறது, அது பின்பற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். தலைமை நீதிபதி கனியா சபையின் வரலாற்றையே எடுத்துக் காட்டினார். உரிய நெறி என்ற வாசகம் மேசைக்கு வந்தது, தெரிந்தே விலக்கப்பட்டது. விலக்கியதை நீதிமன்றம் பின்வாசல் வழியாக உள்ளே விட முடியாது. காவல் காரணங்களை நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது என்ற, தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவு மட்டும் செல்லாது என்று ஆனது. கோபாலன் உள்ளேயே இருந்தார். ஃபசல் அலி ஒருவர்தான் இந்த முக்கியக் கேள்வியில் மாறுபட்டு எழுதினார். முன்னறிவிப்பு, தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு, பாரபட்சமற்ற மன்றம், ஒழுங்கான விசாரணை: இவை இல்லாததை நடைமுறை என்றே சொல்ல முடியாது என்பது அவர் நிலை.

அந்தத் தயிர் எவ்வளவு புளிக்கும் என்பது 1976 ஏப்ரலில் தெரிந்தது. நெருக்கடி நிலையில் அடைக்கப்பட்டவர்கள் தங்கள் காவலை எதிர்த்து நீதிமன்றம் போகவே முடியாது என்று 4க்கு 1 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார்.

பிறகு காலம் திரும்பியது. 1977 ஜூலையில் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைப் பொதுநலன் என்று சொல்லி முடக்கினார்கள். காரணம் சொல்ல மறுத்தார்கள். 1978 ஜனவரி 25 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு, நடைமுறை என்று பெயருக்கு ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமாகவும் நேர்மையாகவும் காரண அடிப்படையிலும் இருக்க வேண்டும் என்று சொன்னது. அதே ஆண்டு சுனில் பத்ரா வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் மறைக்காமலே எழுதினார்: உரிய நெறி என்ற வாசகம் நம்மிடம் இல்லைதான், ஆனாலும் விளைவு ஒன்றே. 21ஆம் பிரிவின் வாசகம் ஓர் எழுத்துகூட மாறவில்லை. 1948இல் ஊற்ற மறுத்த உறை 30 வருஷம் கழித்து அந்தப் பானைக்குள் வந்து சேர்ந்தது. இந்த 30 வருஷத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

வழிகாட்டு நெறிகளைத் தந்த அயர்லாந்தின் கதை இவ்வளவு கசப்பானதில்லை. 1937ஆம் ஆண்டின் ஐரிஷ் அரசியலமைப்பு தன் 45ஆம் பிரிவில் சமூகக் கொள்கை நெறிகளை வைத்து, இவற்றை நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளும், நீதிமன்றம் தலையிடாது என்றது. கத்தோலிக்கச் சமூகச் சிந்தனையின் வாசனை அதில் உண்டு. நம் சபை அந்த அமைப்பை எடுத்துக்கொண்டு தன் பாலை ஊற்றியது. காந்தியர்கள் கேட்டதால் குடிசைத் தொழிலும் மதுவிலக்கும் வந்தன. கிராமப் பஞ்சாயத்துகளுக்கான பிரிவைக் கொண்டுவந்தவர் சென்னை மாகாணத்தின் கே. சந்தானம். டப்ளினில் இதை யாரும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். இரவல் என்று குறை சொன்னவர்களுக்கு அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று கொடுத்த பதிலும் இதனால்தான் நிற்கிறது: அரசியலமைப்பின் அடிப்படைக் கருத்துகளுக்கு எவரிடமும் காப்புரிமை கிடையாது.

அடுத்த வீட்டுக்கு

தயிர் உறைந்த வீடு உறை கொடுக்கவும் தொடங்கும். உண்மையில் நம் தயிர் உறையும் முன்பே இது ஆரம்பித்துவிட்டது. பர்மாவின் அரசியலமைப்பு ஆலோசகர் யூ சான் டூன் 1947இல் டெல்லிக்கு வந்து ராவின் உதவியோடு வரைவு தயாரித்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் பர்மா ஏற்றுக்கொண்ட சட்டத்தில் வழிகாட்டு நெறிகளுக்குத் தனி அத்தியாயமே இருந்தது.

தென்னாப்பிரிக்கா வேறு விதமாக நடந்துகொண்டது. நிறவெறி ஆட்சிக்குப் பிறகு அரசியலமைப்பு எழுதியவர்களுக்கு இந்திய வழிகாட்டு நெறிகள் நன்றாகத் தெரியும். பார்த்துவிட்டு அது போதாது என்று முடிவு செய்து, வீட்டுவசதி, உணவு, தண்ணீர், மருத்துவம் ஆகியவற்றை 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீதிமன்றம் ஏறிக் கேட்கக்கூடிய உரிமைகளாகவே எழுதினார்கள். எடுத்துக்கொள்ளாமல் விட்டதும் செல்வாக்குதான். அட்டவணையில் அதற்குப் பத்தி இல்லை.

கனடா 1982இல் தன் உரிமைச் சாசனத்தை எழுதியபோது ராவுக்கு இருந்த அதே கவலை அங்கேயும் வந்தது. அமெரிக்க உரிய நெறியை எடுத்தால் நீதிபதிகள் சட்டத்தின் உள்ளடக்கத்திலேயே கை வைப்பார்கள் என்று பயந்தார்கள். 7ஆம் பிரிவில் அடிப்படை நீதியின் கோட்பாடுகள் என்று வேறு வாசகம் போட்டார்கள். இதற்கு நடைமுறை நியாயம் என்ற அளவிலேயே பொருள் என்று அரசு அதிகாரிகள் நாடாளுமன்றக் குழுவின் முன் விளக்கமும் கொடுத்தார்கள். மூன்றே ஆண்டில், 1985இல், பிரிட்டிஷ் கொலம்பியா மோட்டார் வாகனச் சட்டம் பற்றிய வழக்கில் கனடா உச்ச நீதிமன்றத்திடம் அந்தக் கேள்வி வந்தது. ஓட்டுநர் உரிமம் தடை செய்யப்பட்டது தனக்குத் தெரியாமலே வண்டி ஓட்டியவரையும் கட்டாயம் சிறைக்கு அனுப்பலாமா என்பது வழக்கு. கனியா கையில் எடுத்த அதே வகை ஆவணம், சட்டம் எழுதியவர்களின் பேச்சு, நீதிபதி லாமெர் முன்னாலும் இருந்தது. அதற்கு மிகக் குறைந்த எடையே தர முடியும் என்று சொல்லிவிட்டு, அடிப்படை நீதி நடைமுறையோடு நிற்காது, சட்டத்தின் உள்ளடக்கத்தையும் அது சோதிக்கும் என்று அவர் தீர்ப்பு எழுதினார். குற்ற மனம் இல்லாதவரைச் சிறைக்கு அனுப்பும் அந்தப் பிரிவு செல்லாமல் போனது.